அம்மா காற்றில் காட்டிய உயரம்

அம்மாவை நினைத்தால் முதலில் வருவது அவள் முகமல்ல. இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை கீழ்நோக்கி, காற்றில் ஓர் உயரத்தைக் காட்டிக்கொண்டு நின்ற அவளுடைய வலது கைதான். அந்த உயரம் ஏழு வயது நான்.

தொண்ணூறுகளில், மராத்தி பேசும் ஊரான நிக்டியில், தொழிற்சாலைக்காரர்களின் குடியிருப்பொன்றில் இரண்டாம் மாடியில் இருந்தோம். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த அம்மாவுக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. அப்பா வேலைக்குப் போய்விட்டால் அவளுக்கு வெளியுலகம் நான் மட்டும்தான். அதனால் எனக்கு ஒரே சட்டம். "கூப்பிட்டா கொரல் குடுக்கோணும் கண்ணு. கேக்காத தூரத்துக்குப் போகக்கூடாது." பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாடி பால்கனியிலிருந்து என் பெயர் விழும். ஆட்டத்தை நிறுத்திவிட்டு "இங்கதாம்மா" என்று கத்துவேன். கூட விளையாடும் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்வார்கள். மானம் போகும்.

நவராத்திரியில் அங்கே பெண்பிள்ளைகள் யானைப் படத்தை நடுவில் வைத்து, கைகோத்துப் பாடிச் சுற்றுவார்கள். போண்ட்லா என்று பெயர். முடிவில் ஒரு வீட்டுப் பலகாரம் மூடிய டப்பாவில் வரும். குலுக்கிப் பார்த்து அது என்னவென்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. அம்மா எங்கள் ஊர் வெல்லப் பலகாரமான கச்சாயம் சுட்டுத் தந்தாள். ஒருத்திக்கும் பிடிபடாது என்ற குஷியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அன்று ஆட்டம் பின்கட்டடத்தில்.

"அங்கிருந்து கேக்காது. டப்பாவக் குடுத்துட்டு வந்துரு."

எதிர்வீட்டுப் பெண்ணிடம் டப்பாவைக் கொடுத்தேன். மேலே போகவில்லை. மாடிப்படிக்குக் கீழே, ஸ்கூட்டர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அம்மா கூப்பிட்டாள். நான் வாய் திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எனக்கு உள்ளூர இனித்தது, அதை மறைப்பதற்கில்லை.

செருப்பில்லாமல் இறங்கி வந்தாள். எதிர்ப்பட்ட அம்மாளிடம் "மாஜி முல்கி" என்றாள். என் பெண் என்று அர்த்தம். அவளிடம் இருந்த மராத்தி அவ்வளவுதான். என்ன நிறச் சட்டை, எப்போதிலிருந்து காணோம் என்று அந்த அம்மாள் மராத்தியில் கேட்கக் கேட்க, அம்மா பதிலாகக் கையை நீட்டி உயரத்தைக் காட்டினாள். காவல்காரரிடமும் காட்டினாள். காலி டப்பாவோடு பிள்ளைகள் ஓடிவந்து, யாருக்குமே தெரியவில்லை, இதன் பெயர் என்ன என்று அவளைச் சூழ்ந்தார்கள். அவர்களிடமும் அதே கையைக் காட்டினாள்.

அப்போதுதான் வெளியே வந்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. மறுநாள் முதல் சாயங்காலம் சேஃப்டி டோருக்குப் பூட்டு விழுந்தது. அதன் கம்பிகளுக்குப் பின்னால் நின்று ஒரு வருடம் அவளை வெறுத்தேன். ஒளிந்திருந்தேன் என்பதைக் கடைசிவரை அவளிடம் சொல்லவேயில்லை.

இப்போது அங்கிருந்து தொலைவில்லாத விமான் நகரில் இருக்கிறேன். மூன்று பாஷையும் சரளம். போன மாதம் கீழே விளையாடப் போன என் மகளை அரைமணி நேரம் காணவில்லை. எப்படியிருப்பாள் என்று காவலாளி இந்தியில் கேட்டார். போன் நிறைய அவள் படங்கள் இருந்தன. ஆனால் கைதான் எழுந்தது.

"மம்மி, நான் பார்க்கிங்லதான் இருந்தேன். எல்லாரும் பாக்கறாங்க" என்று பின்னாலிருந்து வந்தாள்.

"நாளையிலிருந்து கீழ போக வேண்டாம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்ததுதான். என் கை இன்னும் இறங்கியிருக்கவில்லை.