எங்கள் வாடை என்று நினைத்தோம்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம். பத்தாவது திருமண நாளுக்குப் பிள்ளைகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, நானும் கணவரும் மைசூரு சுற்றிப் பார்க்கப் போனோம். விடுதி அறைக்குள் நுழைந்ததுமே குப்பென்று நாற்றம்.

"ஏனுங்க, நம்ம பண்ணை வாடை துணியோடவே வந்துருச்சாட்ட இருக்குதுங்க" என்றேன்.

"மெதுவாப் பேசு. வெளிய கேட்டா மானம் போயிரும்" என்றார் அவர்.

இருவரும் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தோம். அரண்மனையில்கூடக் கூட்டத்தை விட்டு ஒதுங்கியே நின்றோம்.

மறுநாள் காலை, கட்டிலுக்கடியில் உருண்டுபோன கம்மலைத் தேடிக் கையை விட்டேன். விரலில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியது. புழு நெளியும் செத்த எலி! அதற்கு மேலே உட்கார்ந்துதான் இட்லி சாப்பிட்டிருந்தோம். ஓடிப்போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சீ, இந்த நாற்றத்துக்கா நாங்கள் கூனிக் குறுகினோம்?

இப்போதெல்லாம் எந்த விடுதிக்குப் போனாலும் முதலில் கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கிறேன். என் புடவையை முகர்ந்து பார்ப்பதில்லை.