நாற்பது டிகிரியும் அரைமணி அக்காவும்

எங்கள் ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அரைமணி அக்கா என்றால்தான் வாசல் காவலருக்கே தெரியும்.

மருந்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது எங்கள் பிழைப்பு. ஒரு சாண் நீள எஃகுக் குழலுக்குள் மருந்துக் கரைசலைப் பம்ப் வைத்துத் தள்ளுவோம். உள்ளே கூட்டமாகப் போகிற சரக்கு வெளியே ஒவ்வொன்றாக வரும். ஆனால் குழலின் சூடு மாறக்கூடாது. கொஞ்சம் ஏறினால் முந்திக்கொண்டு வரும். இறங்கினால் அசைந்து அசைந்து வரும். அதனால் குழலை ஒரு சிறிய சூட்டுப் பெட்டிக்குள் மூடி நாற்பது டிகிரியில் நிறுத்துவோம். திரையில் நாற்பது என்று விழுந்ததும் மற்றவர்கள் தொடங்கிவிடுவார்கள். அக்கா தொடங்கமாட்டார்.

“பெட்டி சூடாயிடுச்சு, சரி. குழல் சூடாச்சான்னு யாரு பாத்தது?” என்பார். தக்காளி வடிவத்தில் ஒரு சமையலறை அலாரம் வைத்திருக்கிறார். அதை முப்பது நிமிடத்துக்குத் திருகிவிட்டு உட்கார்ந்துவிடுவார். வேலை முடிந்த பிறகும் அதே கதைதான். முதலில் சூட்டை அணைப்பார். பெட்டி ஆறும்வரை அரைமணி பம்பை ஓடவிட்டு, பிறகே நிறுத்துவார். கரைசல் ஓடாமல் சூட்டில் கிடந்தால் குழல் கெட்டுவிடும் என்பார்.

அக்கா டிப்ளமா படித்தவர். நான் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாளனாக வந்தவன். எங்கள் வீட்டில், ஏன், எங்கள் தெருவிலேயே முதல் பட்டம் என்னுடையது. அங்கியோடு நான் நிற்கும் படத்தை அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவருக்கெல்லாம் காட்டுவார். காட்டட்டும், நானும் தடுத்ததில்லை. நல்ல மனநிலையில் அக்கா என்னைத் தம்பி என்பார். கோபம் வந்தால் சார்.

அன்று அக்காவின் மகளுக்குப் பள்ளியில் ஓட்டப்பந்தயம், நாலரை மணிக்கு. ஒரு வாரமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக ஒரு பந்தயத்துக்கும் அவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. “நீ வர்றதுக்குள்ள நான் ஓடி முடிச்சு, குளிச்சு, தூங்கியும் போயிருப்பேன்” என்று மகள் காலையில் சொன்னாளாம். இந்த முறை வந்தே தீருவேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

பழைய குழல் அடைத்துக்கொண்டதால், மதியம் புதிய குழலை நானே மாட்டினேன். குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து, குழலில் எட்டு ஓட்டம், ஒவ்வொன்றும் கால்மணி. கணக்குப் போட்டுவிட்டு உற்சாகமாகச் சொன்னேன்: “அக்கா, அறுபதுல வச்சிடுங்க. எல்லாம் சீக்கிரம் வெளிய வந்துடும். மூணு மணிக்கே நீங்க கிளம்பலாம்.”

“முறையில நாற்பதுன்னு எழுதியிருக்கு, சார். அறுபதுல பாத்தா அது வேற பரீட்சை.”

சார் வந்துவிட்டது. “உங்களுக்காகத்தானே சொன்னேன்!”

“எனக்காகக் குழந்தை மருந்தை அவசரப்படுத்தாதீங்க.”

அக்கா சூட்டைத் தொடவேயில்லை. முதலில் பம்பை மட்டும் ஓட்டி, குழலின் மூட்டுக்குக் கீழே ஒரு காகிதத் துண்டை வைத்தார். “புதுசா மாட்டினது. குளிர்ச்சியிலேயே பத்து நிமிஷம் ஓடட்டும்” என்றார். நான் வாய்க்குள் முணுமுணுத்தேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் காகிதத்தில் கால்காசு அளவு ஈரம்.

ஓடிக்கொண்டிருந்தது மெத்தனால், தீப்பிடிக்கிற சரக்கு. மூடிய பெட்டியில் அறுபது டிகிரியில் அது சொட்டியிருந்தால், உள்ளே ஆவியாக நிறைந்திருக்கும்.

அக்கா பம்பை நிறுத்தினார். அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்திருந்து, கையுறையோடும் கண்ணாடியோடும் மூட்டைக் கழற்றினார். பழைய குழலுக்குப் பழகிப்போன நட்டையே நான் புதியதிலும் போட்டிருந்தேன். அது அடிவரை உட்காரவில்லை.

“பழைய செருப்பைப் புதுக் காலுக்கு மாட்டியிருக்கீங்க, தம்பி” என்றார். கோபமில்லை. அதுதான் இன்னும் உறைத்தது.

புது நட்டு போட்டு, கசிவு பார்த்து, நாற்பது டிகிரி வந்து, தக்காளி மணியடித்தபோது மணி இரண்டு. எட்டு ஓட்டம் முடிய நாலு. பள்ளிக்கு இருபது நிமிடம். ஆனால் பெட்டி ஆறுவதற்கு அந்த அரைமணி மீதி இருந்தது. அக்கா சூட்டை அணைத்துவிட்டு, கடிகாரத்தையும் கைப்பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நட்டுத் தப்பு என்னுது. ஆற வைக்கிறது என் பொறுப்பு. கிளம்புங்கக்கா” என்றேன்.

“பம்பை முதல்ல நிறுத்திட மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

“ஆறிடுச்சான்னு கதவைத் திறந்து கையை வச்சுப் பாக்க மாட்டீங்களே?”

“அக்கா, நான் பட்டதாரி!”

“அதான் கேக்குறேன்” என்று தக்காளியை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். பந்தயம் அவருக்குத்தான் என்று நினைக்கும்படி ஓடினார்.

நாலே முக்காலுக்கு நடைவழி போன் அடித்தது. மறுமுனையில் ஒரே விசில், கூச்சல்.

“தம்பி, நாலாவது!”

“போனா போகுது, விடுங்கக்கா. நேரத்துக்குப் போயிட்டீங்களா?”

“போயிட்டேனே! அதனாலதான் நாலாவது. முதல்ல வந்துட்டு இருந்தவ என்னைப் பாத்ததும் நம்ப முடியாம திரும்பித் திரும்பிப் பாத்திருக்கா. இப்ப என்கூடச் சண்டை, ‘வர்றதா இருந்தா முன்னாடியே பழக்கியிருக்கணும்’னு!” சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு குரல் மாறியது. “அது கிடக்கட்டும். சூடு எவ்வளவு?”

“இருபத்தெட்டு.”

“பம்ப்?”

“இன்னும் ஓடுது. தக்காளியைக் கால்மணி சேத்துத் திருகி வச்சிருக்கேன்.”