விட்டுக்கொடுத்த சைக்கிள்

இருபத்திரண்டு வருடம் விசில் ஊதியும் அதட்டியும் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்த விளையாட்டு ஆசிரியர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சமாதானம் பேசக் கிளம்பினார். வெளிநாட்டுப் பள்ளிகளுக்குப் போய், இளைஞர்கள் தலைமை தாங்குவது எப்படி, சண்டை போடாமல் இருப்பது எப்படி என்று நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் பேசுவார். குரலைத் தாழ்த்திப் பேச ஆறு மாதம் குளியலறையில் பயிற்சி எடுத்தார். வீட்டில் அவருக்கு இன்னமும் 'விசில்' என்றுதான் பெயர்.

அவர் பேச்சுக்கு மூலதனம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். கரும்பலகையில் பெரிதாக 'விட்டுக்கொடு' என்று எழுதுவார். அந்த நாட்டுப் பிள்ளைகள் அதைச் சொல்ல முயன்று நாக்கு சுளுக்கிக்கொள்ளும், அரங்கம் சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் சைக்கிள் கதை.

வீட்டில் ஒரே சைக்கிள். அவருக்கும் தங்கைக்கும் பொது. தங்கை பிடிவாதக்காரி. அவர் விட்டுக்கொடுத்துவிட்டு நான்கு கிலோமீட்டர் நடந்தே பள்ளிக்குப் போனார். அன்றுதான் தலைவன் என்றால் யார் என்று அவருக்குப் புரிந்தது. இது முதல் நாட்டில் சொன்னது. இரண்டாவது நாட்டில் தங்கை அவர் கையைக் கடித்தாள். நான்காவது நாட்டில் சைக்கிளோடு அவரைச் சகதியில் தள்ளினாள். பிள்ளைகள் அதிகம் சிரித்த இடத்தில் தங்கை அதிகம் கெட்டவள் ஆனாள். அவருக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கதைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, கைக்கு எட்டியவள் தங்கை.

உண்மையில் நடந்து போனது அவள். நான்கு வருடம்.

அந்தத் தங்கை இப்போது வெளிநாட்டில், செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் அவள் மகள் போனில் கத்தினாள்: "மாமா! எங்க ஸ்கூல்ல நீங்க பேசப் போறீங்களாமே! நான்தான் உங்களை அறிமுகப்படுத்தப் போறேன். அம்மாவும் வர்றாங்க!"

விசில் அவசரமாகப் போனை வைத்தார். விமானத்தில் எட்டு மணி நேரம் வேறு கதை யோசித்தார். ஐம்பத்தாறு வருட வாழ்க்கையில், சொல்லும்படியாக வேறு எதையும் அவர் விட்டுக்கொடுத்ததாக நினைவு வரவில்லை. இதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பேச்சு நாளன்று காலை, தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மெல்ல ஆரம்பித்தார்.

"உனக்கு வேலை தலைக்கு மேல இருக்குமேம்மா. நீ வேற எதுக்கு அலையுற?"

"லீவு போட்டுட்டேன்."

"எப்பவும் பேசுறதுதான். சுவாரசியமா ஒண்ணும் இருக்காது."

"பரவாயில்லண்ணா. தூக்கம் வந்தா தூங்கிக்கறேன்." விரல் இடுக்கில் ஒட்டியிருந்த பல் அச்சுப் பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அரங்கில் முந்நூறு பிள்ளைகள். தங்கை கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருமகள் அறிமுகம் செய்தபோது "என் மாமா" என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தடுமாறியது. அதைக் கேட்டபின் அவருக்குப் பேச்சு இன்னும் கடினமாயிற்று. கரும்பலகையில் எழுதினார். நாக்கு சுளுக்கும் சிரிப்பு வந்தது. சைக்கிள் வர வேண்டிய இடம் வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, உலக அமைதிக்குத் தாவினார். உலக அமைதியில் சொல்வதற்கு அவரிடம் அதிகம் இல்லை. நாற்பது நிமிடப் பேச்சு இருபத்து மூன்றில் முடிந்தது. தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கேள்விகள் கேட்கலாம்" என்றார்.

மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "உங்கள் பழைய பேச்சு வீடியோவில் பார்த்தோமே, உங்களைச் சகதியில் தள்ளிய தங்கை, அவர் கதை எங்கே?"

மேடையோரம் நின்ற மருமகளுக்குப் பெருமை தாங்கவில்லை. "அது எங்கம்மாதான்! அதோ!"

முந்நூறு தலைகள் திரும்பின. யாரோ ஒலிவாங்கியைத் தங்கை கையில் கொடுத்தார்கள். விசில் மேடையில் பிடிக்க எதுவும் கிடைக்காமல் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டார். இனி இந்தப் பள்ளியில் மட்டுமல்ல, மருமகள் முகத்திலும் முழிக்க முடியாது.

தங்கை நிதானமாக எழுந்தாள். "ஆமாம், அது நான்தான். ரொம்பப் பிடிவாதம் எனக்கு. சைக்கிளைக் கொடுத்துவிட்டு அண்ணன் நடந்தே போவார். அவர் சொன்னதெல்லாம் நிஜம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

திரும்பும்போது தங்கைதான் காரை ஓட்டினாள்.

"அந்த வீடியோவ நீ..." என்று அவர் இழுத்தார்.

"போன மாசமே பாத்துட்டேன். நேர்ல நீ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றேன்னு பாக்கத்தான் லீவு போட்டேன்."

"சொல்லலையே நான்."

"அதனாலதான் தப்பிச்சே." கியரை மாற்றினாள். "நாலு வருஷம் நடந்தேன்ணா. செருப்பு தேஞ்சது எனக்கு, பேரு உனக்கு. அதைக்கூட விடு. சகதியில தள்ளினேனாமே? தள்ளியிருக்கணும்னு இப்பதான் தோணுது."

பின்சீட்டிலிருந்து மருமகள் முன்னால் எம்பினாள். "என்னது? அப்போ நடந்தது நீயாம்மா? மாமா சொன்னது பொய்யா?"

தங்கை வாயைத் திறக்குமுன் அவர் திரும்பினார். "பொய்தான்டா கண்ணு. சைக்கிள்ல போனது மாமா."

"அப்புறம் ஏம்மா மேடையில மாத்திச் சொன்னே?"

"நாலு பேர் முன்னாடி நம்ம ஆளை விட்டுக்கொடுக்க முடியுமாடி?"

"விட்டுக்கொடுங்கன்னுதானே மாமா ஒரு மணி நேரமா சொன்னாரு?"

"இருபத்து மூணு நிமிஷம்" என்றாள் தங்கை.

மருமகளின் தமிழுக்கு அது நியாயமான சந்தேகம். ஒரே சொல், சைக்கிளை விட்டுக்கொடுத்தால் நல்லவர், தங்கையை விட்டுக்கொடுத்தால் ஆகாதவர். அறுபது பள்ளிகளில் அதை எழுதிப் போட்டவர், ஒரு குழந்தைக்கு அதை விளக்கத் தெரியாமல் ஜன்னல் பக்கம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல் கண்ணையும் துடைத்துக்கொண்டதைத் தங்கை பார்த்தும் பார்க்காததுபோல் ஓட்டினாள்.

"நாளைக்கு இன்னொரு ஸ்கூல்ல பேசணும்மா. என்ன சொல்லட்டும்?"

"நடந்ததைச் சொல்லு."

"நடந்தது மூணு நிமிஷம்தான் வரும்."

"மிச்ச நேரம் பிள்ளைங்களைப் பேசவிடேன். அவங்க வீட்லயும் சைக்கிள் இருக்கும்ல."

மறுநாள் அவர் மூன்று நிமிடம் பேசினார். 'சைக்கிளில் போனது நான்' என்ற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். யாராவது கை தூக்குவார்கள் என்று காத்திருந்தார். வெகுநேரம் யாரும் தூக்கவில்லை. விசில் ஊதவேண்டும் போலிருந்ததை அடக்கிக்கொண்டார். அப்புறம், வலது ஓரத்தில் இருந்த ஒரு நெட்டைப் பையன், தன் தம்பியைப் பற்றி, தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தான்.