நான் கொடுத்த கொயினா

பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம் அது. பசறைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் கணவர் கணக்கப்பிள்ளையாக இருந்தார். பதுளைக் கடைவீதியில் பிறந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்குத் தோட்டத்து வாழ்க்கை புதிது. மூத்த மகனுக்கு அப்போது மூன்று வயது. அந்த வருஷம் மழை விட்டதும் பள்ளத்துப் பக்கமிருந்து குளிர்காய்ச்சல் ஏறி வந்தது. லயத்துக்கு லயம், தொழிலாளர் வரிசை வீடுகள் எல்லாவற்றிலும், ஆட்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு படுத்தார்கள். என் மகனும் படுத்தான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர் மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சர்தான். ஆனால் டாக்டரையா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் குளிர்காய்ச்சல் மருந்தான கொயினாத் தூளைச் சிறு பொட்டலங்களாக மடித்துக் கொடுத்து, காலையும் மாலையும் கொடுக்கச் சொன்னார். கொயினாவின் கசப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினால் பிள்ளை அப்படியே என் மேலே துப்புவான். கொஞ்சம் உள்ளே போனாலும் வாந்தியாக வந்துவிடும்.

என்ன செய்வதென்று தெரியாமல் கங்காணி வீட்டு அக்காவிடம் கேட்டேன். "இதுக்கா கண்ணைக் கசக்குறீங்க? பெரட்டுக் களத்துல எப்படிக் குடுக்குறாங்கன்னு பார்த்ததில்லையா?" என்று அவள் சிரித்தாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடும் இடத்தில், ஒரு வாளி நிறையப் பால் விடாத கடும் சாயமாகத் தேத்தண்ணி வைத்து, அதில் கொயினாவைக் கலக்கி ஆளுக்கொரு சிரட்டை ஊற்றுவார்கள். டாக்டரையா பக்கத்திலேயே நின்று பார்ப்பார். என் கணவரும் அந்த வாளியிலிருந்துதான் குடித்தார்.

நானும் அப்படியே செய்தேன். சாயத்தில் தூளைப் போட்டதும் தேத்தண்ணி பால் விட்டதுபோல மங்கும். கருப்பட்டி சேர்த்துக் கொடுத்தால் பிள்ளை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று கையை நீட்டுவான். ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. நல்ல வழி கிடைத்ததே என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

காய்ச்சல் மட்டும் விடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கினான். இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டது. இடது விலாவுக்குக் கீழே, காய்ச்சலில் மண்ணீரல் வீங்கும் காய்ச்சல்கட்டி கையில் தட்டுப்பட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டரையா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, பிள்ளையின் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து வரச் சொன்னார். உள்ளே போன கொயினா இரத்தத்தில் சேர்ந்தால் கொஞ்சம் சிறுநீரிலும் வருமாம். அவரிடமிருந்த ஒரு மருந்துநீரை அதில் சொட்டு விட்டால் வெள்ளையாகக் கலங்குமாம். சொட்டு விட்டார். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கலங்கவில்லை. இன்னும் சில சொட்டு விட்டார். அப்போதும் தெளிவாகவே இருந்தது.

"மருந்தை எங்கம்மா கொட்டுனீங்க?" என்றார்.

"கொட்டலைங்க ஐயா. கொடுத்தேங்க."

"லயத்து ஆளுங்கதான் துப்பிட்டுப் பொய் சொல்லுதுன்னா, படிச்ச நீங்களுமா? மனுசர் பொய் சொல்லலாம். இந்தக் குழாய் சொல்லாது."

காத்திருந்த பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். அன்று முதல் மருந்து என் கைக்கு வரவில்லை. இரண்டு வேளையும் பிள்ளையை அங்கே தூக்கிப் போனால், அவரே மூக்கைப் பிடித்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார். வாந்தி எடுத்தால் மறுபடி ஊற்றுவார். மறுநாளே குழாயில் வெள்ளை கலங்கியது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, "கொடுத்தா வரும்மா" என்றார்.

காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. பிள்ளை தேறத் தேற நான் பொய்க்காரி என்பது உறுதியானது. அந்தச் சந்தோஷத்தைக்கூட நிமிர்ந்து நின்று அனுபவிக்க முடியவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், "கசப்புன்னு பாவம் பார்த்தாங்களாம், பிள்ளை மேல அவ்வளவு ஆசை" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பு கேட்கும்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "உண்மையைச் சொல்லு. ஒழுங்காத்தான் கொடுத்தியா?"

 கொடுத்தேன் என்று தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில், ஒருவேளை மறந்திருப்பேனோ, கோப்பையின் அடியில் தங்கிவிட்டதோ, பிள்ளை நான் பார்க்காதபோது துப்பினானோ என்று என் மனமே என்னைக் கேட்க ஆரம்பித்தது. அதே தூள், அதே பிள்ளை. ஆஸ்பத்திரியில் இல்லாதது என் வீட்டுத் தேத்தண்ணி ஒன்றுதான். அதில் போட்டதும் கசப்பு எங்கே போனது? கசப்பே காணாமல் போகிறதென்றால் மருந்து என்ன ஆகிறது?

அடுத்த நாள் என் கணவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.  "ஐயா, இவங்க தினமும் வாளியில குடிக்கிறதை நீங்களே நின்னு பார்க்குறீங்க. இவங்க மூத்திரத்தையும் ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க" என்றேன்.

"என்னையா?" என்று என் கணவர் துள்ளினார். டாக்டரையாவுக்குச் சிரிப்பு. "வாங்க கணக்கப்பிள்ளை, அம்மா உங்க மேலயும் சந்தேகப்படுறாங்க" என்று குழாயைக் கொடுத்தார்.

சொட்டு விட்டார். கலங்கவில்லை. அவர் சிரிப்பு நின்றது. வேறு குழாய் எடுத்துப் பார்த்தார். அதுவும் கலங்கவில்லை. மறுநாள் என் கணவருக்கு அதே அளவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துச் சோதித்தபோது, குழாய் வெள்ளை வெளேரென்று ஆனது.

டாக்டரையா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சாயம் மருந்தைப் பிடிச்சு வச்சுக்குது போல. உடம்புல சேர விடல" என்று குழாயிடம் சொல்வதுபோலச் சொன்னார். என்னைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்: "வெளிய போய்ச் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்கம்மா. துரை காதுல விழுந்தா வம்பு."

அந்தக் காய்ச்சல் காலம் முழுக்க, வாளியில் குடித்தும் காய்ச்சல் விடாத ஆட்களைத் துப்பிவிட்டார்கள் என்று திட்டி, அன்றைய கூலி இல்லாமல் பேர் வெட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மேட்டு லயத்தில் ஒருத்தி, கொயினா குடித்தேன் என்று சத்தியம் செய்துகொண்டே செத்துப்போனாள். அவளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வாளியில் தேத்தண்ணிக்குப் பதில் தண்ணீர் வந்தது. காரணம் சொல்லவில்லை. கொயினா மறுபடி குடலைப் புரட்ட, "கணக்கப்பிள்ளை வீட்டம்மா போய் என்னமோ சொல்லியிருக்கு, நம்ம வாயெல்லாம் கசக்குது" என்று பீலியில் என்னைத்தான் ஏசினார்கள். என் கணவர் அன்று வீட்டுக்கு வந்து, "நல்லவேளை, பிள்ளை பிழைச்சான்" என்றார். கேட்ட கேள்வியை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை.

மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். இளையவளும் பிறந்துவிட்டாள். அவளுக்கு ஒரு கரண்டி விளக்கெண்ணெய் கொடுப்பதென்றாலும், அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறேன். நான் சொன்னது மெய் என்று அந்தக் குழாய் காட்டிவிட்ட பிறகும், சாட்சியில்லாமல் என் பிள்ளைக்கு மருந்து கொடுக்க என் கைக்குத் தைரியம் வரவில்லை.