முப்பத்தெட்டு வட்டங்கள்

எங்கள் அக்காவுக்குக் கல்குவாரியில் இரண்டு பெயர். நேரில் 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'சிவப்புக்கொடி'. டிப்பர் லாரிகள் இறங்கும் சரிவில், எதிரே வருவது தெரியாத வளைவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். சிவப்பு காட்டினால் வண்டி நிற்க வேண்டும், பச்சை காட்டினால் போகலாம். பதினோரு வருடமாக அதுதான் வேலை.

அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான். பெல்ட்டால் அடிப்பான். ஒருநாள் அவள் இரும்பு வாணலியால் திருப்பி அடித்தாள். அவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. அன்றே பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அங்க முடிஞ்சுது" என்றாள். நான் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பல் போயிருக்கும். நான் டிப்பர் ஓட்டும் குவாரியிலேயே அவளுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சரிவில் டரான்டுலாக்கள் உண்டு. உள்ளங்கை அகலச் சிலந்தி, உடம்பெல்லாம் ரோமம். பெண் சிலந்தி வளையை விட்டு நகராது. அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்று ஸ்டூலுக்குப் பக்கத்தில் பார்த்த பெண் சிலந்தி இன்றும் அதே வளையில்தான் இருக்கிறது. வயதுக்கு வந்த ஆண்கள்தான் ஊர் சுற்றும். மழை விட்ட பிறகு மூன்று வாரம், சாயங்காலமானால் பெண்ணைத் தேடிச் சாலையைக் கடக்கும். வளை வாசலில் முன்காலால் தட்டும். பெண் வெளியே வரும். சேர்ந்தாலும் சேரும், தின்றாலும் தின்றுவிடும். தப்பித்தாலும் ஆணுக்கு அடுத்த மழை கிடையாது. ஒரே ஒரு பயணம்.

அந்தப் பயணத்துக்காக அக்கா லாரிகளுக்குச் சிவப்புக்கொடி காட்டினாள். பதினாறு சக்கர வண்டியானாலும் சிலந்தி கடக்கும்வரை நிற்க வேண்டும். மொட்டை என்ற டிரைவர் நிற்கவில்லை. நான்கை நசுக்கிக்கொண்டு போனான். அக்கா கல்லை எடுத்து அவன் முன்கண்ணாடியை உடைத்தாள். அவன் இறங்கி வந்து அவள் கன்னத்தில் அறைந்தான். இவள் கொடிக்கம்பால் அவன் முழங்காலில் போட்ட போட்டில் ஒரு வாரம் நொண்டினான்.

அவளிடம் வாலாட்ட முடியாதவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்கக்கா அதுங்களைப் பொண்ணு மாதிரி பாக்குறா. அப்போ நீதானே தாய்மாமன்?" என்று ஆரம்பித்தது. பிறகு டீக்கடையில், டயர் கடையில், எங்கே போனாலும் "என்ன தாய்மாமா, மருமகளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுதா?" என்றுதான் பேச்சு. எனக்கு அவமானமாக இருந்தது. அவள் மேல் எரிச்சலாகவும் இருந்தது.

இந்த வருடம் மழை விட்ட கையோடு, சாலையை அகலப்படுத்த மண் தள்ளும் டோசர் வந்தது. அக்கா அதன் முன்னால் போய் நின்றாள். அவளோடு மல்லுக்கட்ட முடியாத சூப்பர்வைசர், "வளை இருக்கிற இடத்துக்கெல்லாம் அடையாளம் போடும்மா, ஒதுங்கிப் போகச் சொல்றேன்" என்றார். மூன்று நாள் முட்டி தேய மண்டியிட்டு, வளையைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளில் வட்டம் போட்டாள். முப்பத்தெட்டு வட்டம். சொன்னபடியே டோசர் ஒதுங்கிப் போயிற்று.

"உன் ஸ்டூல்கிட்ட இருக்கறதுக்குப் போடலையா?" என்று கேட்டேன்.

"நான் உக்கார்ற இடத்துக்கு எதுக்குடா அடையாளம்?"

அதுவரை அந்த வளைகள் எங்கே இருக்கின்றன என்று அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. புல்லுக்குள் இருக்கும் துளை யார் கண்ணில் படும்? திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதையாகிவிட்டது. சூப்பர்வைசருக்கும் அது தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, குவாரி விடுமுறை. மொட்டையும் இன்னும் இரண்டு பேரும் டீசல் கேனோடு என் வீட்டுக்கு வந்தார்கள். "வாய்யா தாய்மாமா. இன்னியோட இந்தப் பேரு போயிடும்."

போனேன். மூன்று வளையில் நான் ஊற்றினேன். மொட்டை எரியும் துணியைப் போட்டான். ஒரு பெண் சிலந்தி தீயோடு வெளியே வந்து, சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்று முன்கால்களைத் தூக்கி எங்களை மிரட்டியது. அப்படியே கருகியது. நான் சிரித்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

முப்பத்தெட்டும் எரிந்தபின் புகையைப் பார்த்து அக்கா ஓடிவந்தாள். அவள் எறிந்த கல்லில் மொட்டையின் மண்டை பிளந்தது. அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அவளைத் தூக்கிப் பாறையில் அடித்தான். தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் வருவதைக் கண்டதுமே நான் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். வெளியே வரவில்லை.

மறுநாள் வலது கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டபடி அவள் வேலைக்கு வந்துவிட்டாள். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு டீ கொண்டுபோனேன். பொசுங்கியிருந்த என் புருவத்தையே பார்த்தாள்.

"எத்தனை?"

"மூணு."

இடது கையால் கொடிக்கம்பை எடுத்து அடித்தாள். முகத்தில், முதுகில், விழுந்தபின் காலில். நான் தடுக்கவில்லை. கம்பு இரண்டாக உடைந்தபிறகுதான் நிறுத்தினாள். என் வண்டிக்குப் பின்னால் ஆறேழு லாரி நின்று வேடிக்கை பார்த்தது.

அப்போது ஓர் ஆண் சிலந்தி சாலையைக் கடந்து வந்தது. நேராக நான் ஊற்றிய வளைக்கே போயிற்று. கருகிய மண்ணில் முன்காலால் தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது. எத்தனை முறை தட்டியது என்று எனக்குத் தெரியாது. என்னால் பார்க்க முடியவில்லை.

"உள்ள ஆள் இல்லன்னு நீயே போய்ச் சொல்லுடா" என்றாள் அக்கா. "நீதானே தாய்மாமன்?"

தவழ்ந்துபோய் அதை இரண்டு கையாலும் அள்ளினேன். கட்டைவிரலில் கடித்தது. உயிர்போகிற வலி. நான் விடவில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில், வட்டம் போடாத அந்த ஒரே வளையின் வாசலில் இறக்கிவிட்டேன். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு தட்டியது.

உள்ளேயிருந்து இரண்டு கால்கள் மெல்ல வெளியே வந்தன.

முதல் லாரி ஹாரன் அடித்தபடி, என் வண்டியைச் சுற்றிக்கொண்டு வளைப் பக்கமாக உருளத் தொடங்கியது. அடித்து ஓய்ந்த அக்காவால் இடது கையையும் தூக்க முடியவில்லை. உடைந்த கம்பில் தொங்கிய சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு சாலை நடுவில் போய் நின்றேன்.

"தாய்மாமா, வழியை விடுய்யா!" என்று கத்தினார்கள்.

"ஆமாண்டா, தாய்மாமன்தான்" என்றேன். "நில்லு."