கொக்குப் புத்தகத்தின் நடுத்தாள்

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு படப் புத்தகத்தின் தாள்களின் தடிமனை அளந்தோம். அவர் தாளைத் திருப்பிப் பிடித்தார். நான் மைக்ரோமீட்டரில் கவ்விப் பார்த்து எண்ணைச் சொன்னேன். அவர் பென்சிலால் குறித்தார். ஆறு தாள், ஒவ்வொன்றிலும் நான்கு மூலை.

"அப்படி முறுக்காதே பாப்பா, புத்தகத்துக்கு வலிக்கப் போகுது."

"அளவுக்கு மேல போனா இது தானா நழுவிடும்ப்பா. எவ்வளவு திருகினாலும் இறுகாது."

"அப்ப உங்கம்மா வாய்க்கும் ஒண்ணு வாங்கிப் போடு."

"கேக்குது, கேக்குது" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

ஐந்து தாள்கள் 0.11 மில்லிமீட்டர். நடுவில் இருந்த ஆறாவது தாள் மட்டும் 0.14. இரண்டாம் முறையும் அளந்தோம். அதேதான். அப்பா பென்சிலைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா சொன்னதுதான் சரி. நான்தான் கோட்டை விட்டுட்டேன்."

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு, ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில், கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம். வயது அறுபத்தொன்று.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு வருடம் அதே தொழில். வீட்டுக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினருக்கு அவர் லிஃப்ட்காரர். இன்னொரு வகையினருக்குப் படப் புத்தகக்காரர். அச்சில் இல்லாத, கடையில் கிடைக்காத குழந்தைகள் புத்தகம் எதுவானாலும் அவரிடம் சொல்லி வைத்தால் தேடித் தருவார் என்று பெயர்.

ஆரம்பித்து வைத்தது நான். நான்கு வயதில், அவர் பழுது பார்க்கும் கட்டடத்துக்கு ஒருநாள் கூடவே போனபோது, கையில் இருந்த புத்தகத்தை லிஃப்டுக்கும் தளத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் நழுவ விட்டேன். அப்பா கீழே இறங்கி எடுத்து வந்தார். கிரீஸில் ஊறிப்போயிருந்தது. நான் ஊரைக் கூட்டி அழுதேன். வேறு பிரதி வாங்கப் போனால், பதிப்பகமே மூடிவிட்டதாகச் சொன்னார்கள். அவர் விடவில்லை. இரண்டு வருடம் தேடி, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டிலிருந்து அதே புத்தகத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். எனக்கு அப்போது ஆறு வயது. புரட்டிப் பார்த்துவிட்டு, "இது சின்னப் பாப்பா புத்தகம்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவர் முகம் சுருங்கியதாக நினைவில்லை. அன்றைக்கு அதைத் தானே உட்கார்ந்து படித்தார். அதோடு பிடித்துக்கொண்டது.

"ஊரெல்லாம் பிள்ளைங்க சின்னதா இருக்கும்போது படப் புத்தகம் வாங்குது. இவரு பிள்ளை வளர்ந்தப்புறம் வாங்குறாரு" என்பாள் அம்மா. ஆனால் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்கு மேலும் இடம் ஒதுக்கித் தந்தது அவள்தான். புத்தகங்கள் லிஃப்ட் உதிரிப்பாகம் வந்த அட்டைப்பெட்டிகளில் இருந்தன. "கதவு உருளை" என்று எழுதிய பெட்டியில் யானைகள். "பிரேக் கட்டை" பெட்டியில் ரயில்கள். மொத்தம் நாற்பத்தொரு பெட்டி.

அவர் தேடும் விதம் தொழிலோடு ஒட்டியது. லிஃப்ட் நின்றுபோனால் ஒரு கட்டடம் முழுவதும் மெக்கானிக்கை வழிமேல் விழி வைத்துப் பார்க்கும். ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் நல்ல மனநிலையில் இருப்பார்கள். அந்த நேரம் பார்த்துக் கேட்பார். "உங்க வீட்டுல பரண், அலமாரி மேல, எங்கயாவது பழைய படப் புத்தகம் கிடக்கா?" யாரிடமும் புத்தகத்தின் பெயரைக் கேட்க மாட்டார். பெயர் யாருக்கும் நினைவிருக்காது என்பார். "எந்தப் பக்கத்தைப் பார்த்தா பயமா இருந்துச்சு?" என்றுதான் கேட்பார். அதற்கு எல்லோரிடமும் பதில் இருந்தது.

அவருடைய நோட்டுப் புத்தகம் கட்டட வரிசையில் இருக்கும். "பச்சை கேட், இரண்டாம் தளம், தையல்காரர் வீடு. முயல். அட்டை இல்லை." இப்படி. பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டிலிருந்து புத்தகம் எடுக்க மாட்டார். பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டு வருவார்.

இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முன்னால், கீழ்த்தளத்தில் பல் மருத்துவமனை இருக்கும் ஒரு கட்டடத்தில் இதே கேள்வியைக் கேட்டார். நான்காவது மாடியில் பல் டாக்டரின் அம்மா கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பத்தொரு வயது.

"புத்தகம் இல்லப்பா. ஆனா நான் ஒண்ணு வரைஞ்சேன்" என்றாராம்.

உள்ளே இருந்து டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "அம்மா எப்பவும் இதைச் சொல்வாங்க. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க யாரும் அவங்க ஒரு கோடு போட்டுக்கூடப் பார்த்ததில்ல."

"நீ பிறக்கறதுக்கு முன்னாடிடா. நீ பிறந்ததுக்கப்புறம் எனக்கு எங்க கை காலியா இருந்துச்சு?"

அவர் சொன்னது இது. அச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். முதலாளி சொன்னதன்பேரில் ஒரு புத்தகத்துக்குப் படம் போட்டார். குடை வாங்க வரிசையில் நிற்கும் ஒரு கொக்கு. வரிசையில் அதற்கு முன்னால், பக்கத்துக்கு ஒரு மிருகம். புத்தகத்தில் அவர் பெயர் போடவில்லை. கொடுத்த ஒரு பிரதியும் வீடு மாறும்போது தொலைந்தது. பிறகு அச்சகமும் இல்லை, அதைப் பார்த்தவர்களும் இல்லை. வீட்டில் அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. அவருக்குக் கண்ணின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வருகிற நோய் வேறு. ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். படம் பார்க்கிற அளவுக்குப் பார்வை இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கலாம் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்பா அன்றிலிருந்து அவரை "ஆர்ட்டிஸ்ட் அம்மா" என்றே கூப்பிட்டார். டாக்டர் வீட்டில் அதற்கும் சிரித்தார்கள்.

"ஒரு ஆதாரமும் இல்லாம எப்படிப்பா நம்புறீங்க?" என்று கேட்டேன்.

"லிஃப்டுல சத்தம் வருதுன்னு சொல்றவங்க எங்கருந்து வருதுன்னு தப்பா சொல்வாங்க. மேலேன்னு சொல்வாங்க, பார்த்தா கீழ இருக்கும். ஆனா சத்தம் வர்றது நிஜம். இத்தனை வருஷத்துல சும்மா சொன்னவங்க ஒருத்தர்கூட இல்ல."

எட்டு வயதில் எனக்குக் காது வலி. பள்ளிக்கூடம் போகாமல் இருக்கச் சாக்கு என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா ஒருவர்தான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். செவிப்பறையில் ஓட்டை. இன்றைக்கு இரண்டு காதாலும் கேட்கிறேன். இதற்கு நான் அவரிடம் நன்றி சொன்னதில்லை. இப்போது எழுதி வைக்கிறேன்.

பதினொரு மாதம் தேடியபின் கொக்குப் புத்தகம் கிடைத்தது. ஒரு காவலாளியின் சீருடை அலமாரியில் அடித்தாளாகக் கிடந்தது. ஆனால் நடுத்தாள் இல்லை. இந்த மாதிரிப் புத்தகத்தில் ஆறு தாளை அடுக்கி, மடித்து, நடுவில் இரண்டு பின் அடித்திருப்பார்கள். முதலில் கழன்று போவது எப்போதும் நடுத்தாள்தான். அதோடு நான்கு பக்கம் போய்விடும்.

"இதையே கொண்டு போய்க் காட்டுங்கப்பா. இருபது பக்கம் இருக்கே" என்றேன்.

"முழுசா இல்லாததைக் காட்டக் கூடாது. கதவு மூடாத லிஃப்டை ஓட்டுவாங்களா?"

"அவங்க கண்ணு காத்திருக்காதுப்பா."

"கிடைச்சிடும் பாப்பா."

இது ஒன்றுதான் அவரிடம் எனக்கு இருந்த மனத்தாங்கல். ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் புத்தகம் "கதவு உருளை" பெட்டியில் கிடந்தது. அவர் ஊரெல்லாம் அலைந்தார். ஆர்ட்டிஸ்ட் அம்மா ஒவ்வொரு முறையும் "என்னப்பா, என் கொக்கு பறந்து போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவர் "வருதும்மா, வரிசையில நிக்குது" என்று சொல்லிவிட்டு வருவார்.

போன மாதம் கந்தலாகிப்போன இன்னொரு பிரதி கிடைத்தது. அதில் உருப்படியாக இருந்தது நடுத்தாள் மட்டும். அப்பா துள்ளிக் குதிக்காத குறை. பழைய பின்னை நிமிர்த்தி, அதே ஓட்டையில் நுழைத்து, மடக்கினார். அளவு சரியாகப் பொருந்தியது. சனிக்கிழமை முடிவெட்டிக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்துப் போனார்.

அங்கே நடந்ததை அவர் வந்து சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. ஆர்ட்டிஸ்ட் அம்மா புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மகனும் மருமகளும் நின்று பார்த்தார்கள். பத்தாம் பக்கம் வரை நிற்காமல் போனார். பதினொன்றில் நிறுத்தினார்.

"இது நான் போட்டதில்ல."

டாக்டர், "பார்த்தீங்களா சார், இப்ப அவங்களே சொல்லிட்டாங்க" என்றார்.

"நீ சும்மா இரு. மத்ததெல்லாம் என்னோடதுதான். இந்த நாலு பக்கம் மட்டும் வேற எவனோ பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கான். என் கொக்கு ஒரே காலில் நிக்காது. வரிசையில நின்னா கால் வலிக்காதா? ஒரு பக்கத்துல இடது கால், அடுத்ததுல வலது கால். மாத்தி மாத்தி நிக்கும். இவன் நாலு பக்கத்துலயும் இடது காலிலேயே நிறுத்திட்டான். கல்நெஞ்சக்காரன்."

அப்பா வீட்டுக்கு வந்து மேசையில் புத்தகத்தை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை நான் ஆய்வகப் பையைத் திறந்து மைக்ரோமீட்டரை எடுத்தேன். அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. காகிதத்தை அளந்தது அதுதான் முதல் தடவை. முடிவை மேலேயே சொல்லிவிட்டேன். நடுத்தாள் வேறு காகிதம். பிற்பாடு வேறு யாரோ மறுபடி வரைந்து அச்சடித்த பதிப்பு. நடுத்தாளில் பதிப்பு விவரம் எதுவும் இருக்காது என்பதால் அப்பா கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை அந்த இருபத்துநான்கு எண்களையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனார். டாக்டர் எண்களைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கொக்கின் காலை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். இடது, வலது, இடது, வலது. அறுபது வருடம் யாரும் கவனிக்காத கால். முழுக்கப் பார்த்துவிட்டு உள்ளே போய், அம்மாவின் நாற்காலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

"ஏன்மா ஒருதடவைகூட எனக்கு வரைஞ்சு காட்டல?"

"நீ கேட்டியா?"

அப்பாவுக்குத் தன் தப்பு பலித்ததில் சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். சரியான நடுத்தாள் கிடைத்திருந்தால் ஆர்ட்டிஸ்ட் அம்மா எங்கேயும் நின்றிருக்க மாட்டார், மகனும் பாதிதான் நம்பியிருப்பார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னது வேறு.

"நீ சொன்னப்பவே கொண்டு போயிருக்கணும் பாப்பா. அன்னைக்கு அவங்க புத்தகத்தை ஒரு கை தூரத்துல வெச்சே பார்த்திருப்பாங்க. இப்ப மூக்குல ஒட்டிக்கிட்டுப் பார்க்கறாங்க."

 

அன்றைக்கு அப்பா கிளம்பும்போது ஆர்ட்டிஸ்ட் அம்மா ஒன்றுதான் கேட்டிருக்கிறார். அந்த நான்கு பக்கத்தில் தான் என்ன போட்டோம் என்று மறந்துவிட்டது, பார்க்க வேண்டும். கண்ணுக்கு இன்னும் ஐந்தாறு மாதம் இருக்கும். அப்பா சரி என்றார்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவர் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எப்போதோ பறவை என்று குறித்த வீட்டையெல்லாம் தொலைபேசியில் கூப்பிட்டாராம். அம்மா சொன்னாள். "காது சூடாகிப் போச்சு, போனை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டாரு."

காரியமெல்லாம் முடிந்து பன்னிரண்டாம் நாள் நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு.

"தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் கட்டடம், ஐந்தாம் தளம், ஓய்வுபெற்ற நர்ஸ். கொக்கு. அட்டை உண்டு. பின் துரு இல்லையாம், நடு இருக்கிறதாம். பழைய பதிப்பா என்று நேரில் பார்க்க வேண்டும். வியாழன் 11க்கு மேல். லிஃப்ட் கிடையாது."

அந்த வியாழன் அவரை எடுத்த நாள்.

நர்ஸைக் கூப்பிட்டேன். "வரேன்னு சொன்னாரே, இரண்டு வாரமா மேசை மேலேயே எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். எப்போது, எப்படி என்று விசாரித்தார். பிறகு, "வியாழக்கிழமை வாம்மா. நான் வீட்டுலதான் இருப்பேன்" என்றார்.

பல் டாக்டருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"அஞ்சு மாடின்னா சொன்னீங்க? லிஃப்ட் இல்லாமலா?"

"ஆமா சார்."

"வியாழக்கிழமை காலையில எனக்கு ஏழு பேஷண்ட். எல்லாரையும் மாத்திடறேன். நானும் ஏறி வரேன்."

இன்றைக்குச் செவ்வாய். இன்னும் போகவில்லை.