புட்டுப் பதம்

ரெத்தினத்துக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பாதிச் சாப்பாட்டில் வயல் மடையைப் பார்க்க எழுந்து போய்விடுவார். "நண்டு கொழுத்தா வளையில தங்காது" என்று மனைவி நீலாம்பாள் அவரைத்தான் சொல்வாள்.

அப்படிப்பட்டவரிடம்தான் மகள் கயல்விழி, சென்னைக்கு வேலைக்குப் போகையில், தான் வளர்த்த, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் இரண்டு சங்கு நண்டுகளைக் கண்ணாடித் தொட்டியோடு விட்டுப் போனாள். "மண்ண மட்டும் மாத்திடுங்கப்பா" என்றாள்.

நண்டுக்கு எந்த மண் என்று வரப்பு வெட்டுகிறவனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? வயல் சேற்றைக் குழைத்துப் போட்டார். நண்டுகள் அதில் இறங்காமல் நாள் முழுக்கக் கண்ணாடியைப் பிறாண்டின. ரெத்தினமும் தொட்டிக்கும் வாசலுக்குமாக நடந்தார். சேற்றை வாரிவிட்டுக் காய்ந்த ஆற்று மணலைக் கொட்டினார். தோண்டத் தோண்ட அது சரிந்தது.

விஷயத்தைக் கேட்ட மகள் போனில் கத்தினாள்: "அப்பா, அது வயல் நண்டு இல்ல! மணலோட தேங்கா நார்த்தூளக் கலந்து, புட்டு மாவுப் பதத்துல, ஒரு சாண் ஒசரத்துக்குப் போடுங்க."

பிடித்தால் பிடிபட்டு, உதிர்த்தால் உதிரும்வரை பிசைந்தார். மறுநாள் பார்த்தால் நண்டுகளைக் காணோம். பதறிப்போய்த் தோண்டக் கை வைத்தவரை நீலாம்பாள் அதட்டினாள்.

"கைய எடுங்க! தோலுரிக்க உள்ள போயிருக்கு, வெளிய வர ரெண்டு மாசம் ஆகும்னு கயலு சொல்லியிருக்கா. பதம் அமைஞ்சுது, அதுங்க அடங்கிருச்சு."

மண் ஒட்டிய கையோடு நின்றவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு எந்த மண்ணு ஒத்துவரும்னுதான் முப்பது வருஷமா எனக்குத் தெரியல."